க்ளீன் செய்ததால்தான் பல் ஆடுகிறதா?

"பல்லை க்ளீன் பண்ணினேன், அதுக்கப்புறம்தான் ஆட ஆரம்பிச்சுது." பல் மருத்துவர்களின் காதில் அடிக்கடி விழும் புகார் இது. வீட்டில் ஒருவர் ஸ்கேலிங், அதாவது கருவியால் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வந்து, மறுவாரம் கீழ் முன்பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்து "லேசா அசையுதே" என்று சொன்னால் போதும். அந்தக் குடும்பத்தில் அடுத்த பத்து வருடத்துக்கு யாரும் ஸ்கேலிங் பக்கமே போகமாட்டார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. பல் அசைவது நிஜம், அது ஸ்கேலிங்குக்குப் பிறகு தெரியவந்ததும் நிஜம். ஆனால் அந்த ஆட்டத்துக்கான வேலை பல வருடங்களுக்கு முன்பே ஈறுக்கு அடியில் தொடங்கிவிட்டது. இது எப்படி என்று புரிய, முதலில் பல் எதில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும்.

பல் எதில் நிற்கிறது

சுவரில் அடித்த ஆணி மாதிரி, பல் தாடை எலும்பில் இறுகிக் கிடக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் ஆரோக்கியமான பல்லின் வேர் எலும்பைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி முழுக்க நுண்ணிய நார்கள். ஒவ்வொரு நாரின் ஒரு முனை வேரின் மேல்பூச்சில் புதைந்திருக்கும், மறுமுனை எலும்பில் புதைந்திருக்கும். கயிற்றுக் கட்டிலின் சட்டத்தில் கயிறு இழுத்துக் கட்டியிருப்பது போல, எலும்புக் குழிக்குள் பல் இந்த நார்களால் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. மருத்துவர்கள் இதைப் பெரியோடான்டல் லிகமென்ட் என்பார்கள். இங்கே நார்ப்படலம் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த நார்ப்படலத்துக்கு இரண்டு வேலைகள். ஒன்று, மெல்லும் அழுத்தத்தைத் தாங்கி எலும்புக்குப் பக்குவமாகக் கடத்துவது. இன்னொன்று, உணர்வு. சோற்றில் ஒரு சின்னக் கல் கடிபட்டதும் நாம் யோசிப்பதற்குள் தாடை தானாக நின்றுவிடுகிறதே, அந்தச் செய்தியை அனுப்புவதில் பெரும்பங்கு இந்தப் படலத்தில் உள்ள நரம்பு முனைகளுக்குத்தான்.

நாரில் தொங்குவதால் எல்லாப் பல்லும் கொஞ்சம் அசையும். 0.1 அல்லது 0.2 மி.மீ. அளவுக்கு அசைவது இயல்பு, கண்ணுக்குத் தெரியாது. ஒற்றை வேர் கொண்ட முன்பற்கள், இரண்டு மூன்று வேர்கள் கொண்ட கடைவாய்ப்பற்களைவிடச் சற்றுக் கூடுதலாக அசையும்.

அந்த அளவைத் தாண்டிப் பல் ஆடினால், அடிப்படையில் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்:

1. பல்லைச் சுற்றியிருந்த எலும்பின் உயரம் குறைந்துவிட்டது.
2. எலும்பு இருக்கிறது, நார்ப்படலம் வீங்கியோ அறுந்தோ நைந்தோ போயிருக்கிறது.
3. எலும்பும் நாரும் சரியாக இருக்கின்றன, ஆனால் பல்லின் மேல் விழும் பாரம் தாங்கமுடியாத அளவுக்குக் கூடியிருக்கிறது.

இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் மீளக்கூடியவை. முதலாவதில் போன எலும்பு பெரும்பாலும் போனதுதான். மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவதே அங்கே சிகிச்சை. ஆகவே "பல் ஆடுகிறது, பிடுங்கவேண்டுமா?" என்ற கேள்விக்கு முன்னால் "ஏன் ஆடுகிறது?" என்ற கேள்வி வரவேண்டும். நடைமுறையில் இந்த வரிசை பல நேரம் தலைகீழாகிவிடுகிறது.

எவ்வளவு ஆட்டம்?

விரலால் ஆட்டிப் பார்ப்பதை மருத்துவர்கள் நம்புவதில்லை, ஏனென்றால் விரல் நுனியின் சதையே அமுங்கும். இரண்டு உலோகக் கருவிகளின் கைப்பிடிகளை எடுத்து, ஒன்றைப் பல்லின் உதட்டுப் பக்கமும் மற்றொன்றை நாக்குப் பக்கமும் வைத்து, முன்னும் பின்னும் மெல்லத் தள்ளிப் பார்ப்பார்கள். 1950-இல் மில்லர் என்பவர் வகுத்த அளவுகோல்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது:

முதல் நிலை: இயல்பைவிடச் சற்றே கூடுதல், தொட்டால் மட்டும் தெரியும்.
இரண்டாம் நிலை: பக்கவாட்டில் சுமார் 1 மி.மீ. வரை அசைவு.
மூன்றாம் நிலை: 1 மி.மீ.க்கு மேல் அசைவு, அல்லது பல்லைக் கீழே அமுக்கினால் குழிக்குள் இறங்குகிறது, திருப்பினால் சுழல்கிறது.

மேலும் கீழும் அமுங்குவது கெட்ட சகுனம். பக்கவாட்டு ஆட்டத்தோடு எத்தனையோ பற்கள் வருடக்கணக்கில் நிற்கும். கீழே இறங்கும் பல்லுக்கு அடியில் பிடிமானம் அநேகமாக இல்லை.

எலும்பு எப்படிக் கரைகிறது

பெரியவர்களின் பல் ஆட்டத்துக்கு முதல் காரணம் ஈறு நோய். பழைய ஆட்கள் பயோரியா என்பார்கள், மருத்துவப் பெயர் பெரியோடான்டைட்டிஸ். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, கடுமையான ஈறு நோய் உள்ளவர்கள் உலகில் 100 கோடிக்கும் மேல். நோய் நகரும் விதம் இது:

1. பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கிருமிகளின் மெல்லிய படலம் படியத் தொடங்கும். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வருகிறதே, அதுதான். பிரஷ் சரியாகப் பட்டால் போய்விடும்.

2. எடுக்காமல் விட்ட இடங்களில், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து இந்தப் படலம் கல்லாக இறுகும். சில நாட்களில் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கெட்டிப்படும். இதுதான் காரை. எச்சில் சுரப்பிகளின் வாய் திறக்கும் இடங்களில், அதாவது கீழ் முன்பற்களின் உள்பக்கத்திலும் மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப் பக்கத்திலும், இது சீக்கிரம் சேரும். காரை வந்துவிட்டால் எந்த பிரஷ்ஷும் எந்தப் பற்பொடியும் அதை எடுக்காது.

3. காரையின் சொரசொரப்பில் புதிய கிருமிகள் குடியேறும். ஈறு சிவந்து வீங்கும், பல் தேய்க்கும்போது ரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எலும்பு இன்னும் தொடப்படவில்லை.

4. விட்டுவிட்டால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம் ஆழமாகும். இயல்பான ஆழம் 1 முதல் 3 மி.மீ. அது 5, 6, 7 என்று இறங்கும்போது பிரஷ் எட்டாத பையாகிவிடும். காற்றில்லாத அந்த ஆழத்தில் வேறு வகைக் கிருமிகள் பெருகும்.

5. எலும்பைக் கரைப்பதில் பெரும்பங்கு கிருமிகளுக்கு இல்லை என்பதுதான் வேடிக்கை. அவற்றை எதிர்க்க உடம்பு மூட்டும் அழற்சிதான் எலும்பைத் தின்னும் செல்களைத் தூண்டிவிடுகிறது. தொற்றிலிருந்து எலும்பு விலகி ஓடுகிறது என்று சொல்லலாம். ஓடிய எலும்பு பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

இனி ஒரு சின்னக் கணக்கு. கீழ் நடுப்பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே தெரியும் தலை சுமார் 9 மி.மீ., வேர் சுமார் 12 மி.மீ. நல்ல நிலையில் எலும்பின் விளிம்பு வேர் தொடங்கும் இடத்துக்கு ஓரிரு மி.மீ. கீழே இருக்கும். ஆக எலும்புக்கு வெளியே 11, உள்ளே 10. இப்போது 4 மி.மீ. எலும்பு கரைகிறது. வெளியே 15, உள்ளே 6. பிடிமானம் குறைந்த அதே நேரத்தில் நெம்புகோலின் நீளம் கூடிவிட்டது. மண் அரித்த கம்பம் மாதிரி, முதல் 3 மி.மீ. போகும்வரை எதுவும் தெரியாது, அதற்கடுத்த ஒவ்வொரு மி.மீட்டரும் ஆட்டத்தைச் சட்டென்று கூட்டும். "போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தது" என்று நோயாளி சொல்வதில் தப்பில்லை.

இதில் கொடுமை, வலி இல்லாததுதான். சொத்தைப்பல் தூங்கவிடாது, ஈறு நோய் பெரும்பாலும் சத்தமே போடாது. வாய் நாற்றம், தேய்க்கும்போது ரத்தம், பற்களுக்கு நடுவே புதிதாகத் தோன்றும் சந்து, முன்பல் வெளியே தள்ளிக்கொண்டு வருவது, பல் நீளமாகிவிட்டதுபோலத் தெரிவது என்று ஆட்டத்துக்கு முன்பே அடையாளங்கள் வருகின்றன. வலிக்கவில்லையே என்று அவற்றை ஒதுக்கிவிடுகிறோம்.

புகை பிடிப்பவர்களுக்கு ரத்தம்கூட அதிகம் வராது. நிகோட்டின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், ஈறு வெளிறி, பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகக் கரையும்.

சர்க்கரை நோய் தனியாகச் சொல்லவேண்டிய சங்கதி. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. மறுதிசையிலும் கதை உண்டு. ஈறின் நாள்பட்ட அழற்சி இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கிறது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 0.3 முதல் 0.4 சதவீதப் புள்ளி வரை குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்த விஷயம். நாற்பது வயதில் ஒரே சமயத்தில் பல பற்கள் ஆடுகின்றன, அடிக்கடி ஈறில் சீழ்க்கட்டி வருகிறது என்றால், பல் மருத்துவர் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். தனக்குச் சர்க்கரை இருப்பதே பல் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் சிலருக்குத் தெரியவருகிறது.

ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். தடித்த ஈறின் மடிப்புகளில் கிருமி சேரும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடக் கூடாது, மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

சரி, ஸ்கேலிங்குக்கு வருவோம்

கீழ் முன்பற்கள் ஆறின் உள்பக்கம் வருடக்கணக்கில் காரை சேர்ந்தால், அது தனித்தனிப் பல்லில் நிற்காது. கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை ஒரே மஞ்சள் சுவராக இணைந்துவிடும். எலும்பு பாதி போன பற்களைக்கூட இந்தச் சுவர் சிமென்ட் போட்டதுபோல ஒன்றாகக் கட்டி நிறுத்தும். ஸ்கேலிங்கில் அந்தச் சுவரை உடைத்து எடுத்ததும், ஏற்கெனவே பிடிமானம் இழந்த பல் தன் சொந்தக் காலில் நிற்கவேண்டியிருக்கிறது. ஆடுகிறது.

கூடவே இன்னும் இரண்டு நடக்கும். வீங்கியிருந்த ஈறு வற்றி இறங்குவதால், காரை அடைத்திருந்த இடமெல்லாம் சந்தாகத் தெரியும். நாக்கு அந்தச் சந்தையே தேடிப் போகும். மூடியிருந்த வேர் வெளியே தெரிவதால் சில வாரங்களுக்குப் பச்சைத் தண்ணீர் கூசும். ஆட்டம், சந்து, கூச்சம் மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால், "மெஷின் வைத்து எனாமலைத் தேய்த்துவிட்டார்கள்" என்ற முடிவுக்கு வருவது சுலபம். ஸ்கேலர் முனை அதிர்ந்து காரையைப் பெயர்க்கும் கருவி. பயிற்சி பெற்றவர் கையில் அது எனாமலை அறுப்பதில்லை.

சுவரை அப்படியே விட்டிருந்தால்? பல் ஆடாமல் நின்றிருக்கும், அடியில் எலும்பு கரைந்துகொண்டே இருந்திருக்கும், ஒருநாள் காரையோடு சேர்ந்து பல்லே கையில் வந்திருக்கும். மாறாக, சுத்தம் செய்த சில வாரங்களில் ஈறு இறுகி, நார்ப்படலத்தின் வீக்கம் வடிந்து, பல பற்களில் ஆட்டம் முன்பிருந்ததைவிடக் குறையவே செய்யும். இதையெல்லாம் ஸ்கேலிங் தொடங்கும் முன்பே இரண்டு நிமிடம் எடுத்துச் சொன்னால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சொல்லாமல் விடுவதில் மருத்துவர்கள் பக்கமும் குறை இருக்கிறது.

காரைக்குச் சம்பந்தமில்லாத ஆட்டங்கள்

1. கடி உயரம். புதிதாக அடைத்த பல்லோ, கேப் போட்ட பல்லோ மற்றவற்றைவிட இம்மியளவு உயரமாக இருந்தால், ஒவ்வொரு கடியிலும் அதுவே முதலில் அடிவாங்கும். ஒன்றிரண்டு வாரத்தில் வலியும் லேசான ஆட்டமும் வரும். உயரத்தைத் தேய்த்துச் சரிசெய்தால் தானாக நின்றுவிடும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும் பாரம்தான் பிரச்சினை. காலையில் தாடை வலி, கடைவாய்ப்பற்களின் தலை தட்டையாகத் தேய்ந்திருப்பது போன்றவை அடையாளம்.

2. வேர் நுனியில் சீழ். ஆழமான சொத்தையோ பழைய அடியோ பல்லின் உயிர்ச்சதையைச் சாகடித்து, நுனியில் சீழ் கட்டும்போது பல் சற்று மேலெழும்பி ஆடும், கடித்தால் உயிர் போகும். ரூட் கேனல் செய்து தொற்றை நீக்கினால் பல் மறுபடி கெட்டிப்படும்.

3. அடி. பைக்கிலிருந்து விழுந்து முன்பல் ஆடினால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். இடம் மாறாமல் ஆட்டம் மட்டும் இருந்தால், தேவைப்படின் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்து சுமார் 2 வாரம் கட்டுவார்கள். பக்கவாட்டில் நகர்ந்து எலும்பும் உடைந்திருந்தால் சுமார் 4 வாரம். முழுசாக வெளியே வந்துவிட்டால், வேரைத் தொடாமல் தலையைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் பாலில் லேசாக அலசி, அந்தக் குழியிலேயே திரும்பச் செருகுவது நல்லது. முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்து ஓடவேண்டும். காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனால் வேரில் ஒட்டியிருக்கும் நார்ச்செல்கள் காய்ந்து செத்துவிடும். ஒரு மணி நேரம்தான் கணக்கு.

4. கர்ப்பம். ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்குவதும் பற்கள் லேசாக அசைவதும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு சரியாகும். "குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது" என்பது கதை. முளைத்து முடிந்த பல்லிலிருந்து கால்சியம் அப்படிக் கழன்று போவதில்லை.

5. க்ளிப் போட்டிருக்கும் காலம். பல்லை நகர்த்துவதே நார்ப்படலத்தின் ஒருபக்கம் அழுத்தி எலும்பைக் கரைத்து, மறுபக்கம் எலும்பை வளரச் செய்துதான். இடையில் ஆடுவது எதிர்பார்த்ததே.

6. கட்டியும் புற்றுநோயும். அரிது என்று ஒதுக்கக் கூடாத ஒன்று. வெற்றிலை பாக்கோடு புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கி வைக்கும் பழக்கம் உள்ள நம் ஊர்களில் கீழ் ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் சேரும் பள்ளம்தான் வாய்ப்புற்று பிடிக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று. வாய் முழுக்க மற்ற பற்கள் உறுதியாக இருக்க, ஒரு பகுதியில் மட்டும் ஒன்றிரண்டு பல் காரணமில்லாமல் ஆடுகிறது. பக்கத்தில் 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, சதை வளர்ச்சியோ, வெள்ளை சிவப்புத் திட்டோ இருக்கிறது. கீழ் உதடோ முகவாயோ மரத்துப்போகிறது. இதில் எது இருந்தாலும் பல்லைப் பிடுங்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். முதலில் எக்ஸ்-ரே, தேவைப்பட்டால் ஒரு துளிச் சதை எடுத்து பயாப்ஸி. ஆட்டம் என்று அவசரமாகப் பல்லைப் பிடுங்கி, குழி மாதக்கணக்கில் ஆறாமல் போய், அதற்குப் பிறகு நோய் தெரியவருவது நடக்கிற விஷயம்.

கால்சியம் மாத்திரைக்கும் ஆடும் பல்லுக்கும் உள்ள உறவு, கடையில் வாங்குபவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. காரையால் கரைந்த எலும்பை மாத்திரை கட்டாது. சத்துக் குறைவால் பல் ஆடும் உண்மையான நோய் என்றால் வைட்டமின் சி அறவே இல்லாமல் வரும் ஸ்கர்வி. நார்கள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை, அதை நெய்ய வைட்டமின் சி வேண்டும். நார்ப்படலத்தில் பழைய கொலாஜன் போய்ப் புதியது வருவது வேகமாக நடப்பதால் குறைவு அங்கே சீக்கிரம் தெரியும். மாதக்கணக்கில் கடலில் கிடந்த பழைய காலத்து மாலுமிகளுக்கு இது வந்தது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணமாவதைக் காட்டினார். புளிப்பும் காயும் கனியும் சாப்பிடுகிறவர்கள் இதை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லை.

வீட்டு வைத்தியம் எதுவரை

படிகாரத் தண்ணீரில் கொப்பளித்தால் ஈறு இறுக்கிப் பிடித்ததுபோல இருக்கும். அது துவர்ப்பின் வேலை. மேல்சதை கொஞ்ச நேரம் சுருங்குகிறது, கீழே எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதிலும் துவர்ப்புதான் சரக்கு. தினமும் குச்சியால் தேய்த்துக் கிருமிப் படலத்தை எடுத்ததற்கு அந்தக் காலத்தில் பலன் இருந்தது, ஏற்கெனவே ஆடும் பல்லுக்கு அது மருந்தில்லை. உப்புத் தண்ணீர் வீக்கத்துக்கு இதம். செங்கல் பொடி, கரித்தூள், கரகரப்பான பற்பொடிகள் வேரைத் தேய்த்துப் பள்ளமாக்கும். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைத்தால் சதை வெந்துவிடும்.

மருத்துவர் என்ன பார்ப்பார்

மெல்லிய கம்பி ஒன்று, அதில் மி.மீ. கோடுகள். அதை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஈறுக்குள் இறக்கி ஆழம் அளப்பார்கள். "3, 2, 4, 6..." என்று உதவியாளரிடம் எண்ணிக்கை சொல்வது கேட்கும். 4 மி.மீ. தாண்டினால் கவனிக்கவேண்டிய இடம். பிறகு ஓ.பி.ஜி. எனப்படும் முழுவாய் எக்ஸ்-ரே, சந்தேகமான பல்லுக்குத் தனிச் சின்ன எக்ஸ்-ரே. வேரின் நீளத்தில் மூன்றில் எத்தனை பங்கு எலும்பு போயிருக்கிறது என்பது அதில் தெரியும். இந்த இரண்டும் செய்யாமல் "இது போயிடுச்சு, எடுத்துடலாம்" என்று சொல்பவரிடம், எக்ஸ்-ரேயில் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

நீங்கள் சொல்லவேண்டியவையும் உண்டு: சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ எடுக்கும் மருந்து. அந்தக் கடைசி வகை மருந்துகளில் சில, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பை ஆறவிடாமல் செய்துவிடும்.

சிகிச்சை எந்த வரிசையில்

1. முதலில் ஸ்கேலிங், அதோடு ஈறுக்கு அடியில் வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. ஆழமான இடங்களை மரத்துப்போகும் ஊசி போட்டு இரண்டு மூன்று தடவையாகச் செய்வார்கள். கூடவே வீட்டுப் பாடம்: மென்மையான பிரஷ்ஷை ஈறின் விளிம்பில் சாய்த்து வைத்துத் தேய்ப்பது, சந்துகளுக்குக் குட்டி பிரஷ். எவ்வளவு நல்ல ஸ்கேலிங்கும் இந்த இரண்டாவது பாதி இல்லாமல் வீண். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி ஒன்றிரண்டு வாரத்துக்கு உதவும், அதற்கு மேல் போனால் பற்கள் பழுப்பேறும்.

2. பாரத்தைக் குறைப்பது. உயரமான கடியைத் தேய்த்து விடுவது, இரவில் பல் கடிப்பவர்களுக்கு நைட் கார்டு எனப்படும் பல் உறை.

3. ஆறு முதல் 12 வாரம் கழித்து மறுபடி அதே கம்பியால் அளப்பது. பலரும் தவறவிடும் படி இது. எந்தப் பை சுருங்கியது, எந்தப் பல் கெட்டிப்பட்டது என்பது அப்போதுதான் தெரியும். முதல் நாள் பிடுங்கவேண்டும் என்று தோன்றிய பல் சில நேரம் இந்தக் கட்டத்தில் தப்பிவிடும்.

4. இன்னமும் ஆழமாக இருக்கும் இடங்களுக்கு ஃப்ளாப் சர்ஜரி. ஈறைத் திறந்து, கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தையல் போடுவது. "எலும்புப் பொடி வைத்தால் எலும்பு வளருமாமே?" என்று கேட்பவர்களுக்குப் பதில், எலும்பு கரைந்த வடிவத்தைப் பொறுத்தது. ஒரு பல்லின் ஓரமாக, சுற்றுச்சுவர் நிற்கக் கிணறு மாதிரிக் குழிந்திருந்தால் பொடி அதில் தங்கும், எலும்பு ஓரளவு திரும்பும். மழையில் கரைந்த வரப்பு மாதிரி எல்லாப் பற்களிலும் ஒரே மட்டமாகக் குறைந்திருந்தால் பொடியைத் தாங்கச் சுவரே இல்லை, அங்கே அது பயன்படாது. வயதானவர்களின் வாயில் அதிகம் இருப்பது இந்த வரப்பு வகைதான்.

5. பற்களைச் சேர்த்துக் கட்டுவது, அதாவது ஸ்ப்ளின்ட். கண்ணாடி இழை நாடாவை முன்பற்களின் உள்பக்கம் ஒட்டி, பல் நிறப் பசையைப் பூசி, நீல விளக்கைக் காட்டி இறுக்குவார்கள். மெல்லும்போது தொல்லை தரும் ஆட்டத்துக்கு நல்ல நிவாரணம். ஆனால் காரையை எடுக்காமல் கட்டுவது, கறையான் அரித்த கதவுக்கு பெயின்ட் அடிப்பதற்குச் சமம். கட்டிய பிறகு சந்துகளைச் சுத்தம் செய்வதும் கடினம் என்பதால், குட்டி பிரஷ் பழக்கம் வராதவர்களுக்கு இதுவே அடுத்த காரைக்கு வீடு.

ஆன்டிபயாட்டிக்கை இந்த வரிசையில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. சில குறிப்பிட்ட நிலைகளில், சுத்தம் செய்வதோடு சேர்த்துத்தான் அது பலன் தரும். மெடிக்கலில் கேட்டு வாங்கி நான்கு நாள் போட்டால் சீழ் வடியும், வலி நிற்கும், காரை அப்படியே இருக்கும்.

பிடுங்கவேண்டிய பல்

வேர் நுனி வரை எலும்பு போய் அமுக்கினால் உள்ளே இறங்கும் பல், வேர் நெடுகப் பிளந்த பல், திரும்பத் திரும்பச் சீழ் கட்டிப் பக்கத்துப் பல்லின் எலும்பையும் கெடுக்கும் பல். இவற்றை வைத்திருப்பதில் லாபம் இல்லை. மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்ற பயத்தில் இவற்றோடு வருடக்கணக்கில் இழுத்தடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேல் பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. நூல் கட்டி வீட்டிலேயே இழுப்பது குழந்தைகளின் பால் பல்லோடு நிற்கட்டும். சர்க்கரையும் ரத்தம் உறையாத மாத்திரையும் உள்ள பெரியவர் அப்படிச் செய்தால் ரத்தம் நிற்காமல் நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிவரும். செலவுக்கு யோசிப்பவர்களுக்கு அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளும், சென்னையிலும் புதுக்கோட்டையிலும் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன.

எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பொருத்தும் செயற்கை வேர் வைத்தால் இனிக் கவலையில்லை என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1965-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு டைட்டானியம் வேர் பொருத்தினார். டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டி வளர்கிறது என்ற கண்டுபிடிப்புதான் அதன் அடிப்படை. கவனியுங்கள், நேரடியாக. நடுவே நார்ப்படலம் கிடையாது. சோற்றில் கல் கடிபட்டால் இயற்கைப் பல்லைப்போல அது உணராது. சொத்தை வராது என்பது சரி, ஆனால் சுற்றிக் காரை சேர்ந்தால் அதைச் சுற்றியும் எலும்பு கரையும். ஈறு நோயால் பல் இழந்தவருக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், அதனால்தான் அவர்களைச் சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்கிறார்கள். இம்ப்ளான்ட் பல் ஒருநாள் ஆடினால், மேலே இருக்கும் கேப்பின் திருகு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். திருகு என்றால் முடுக்கிவிடலாம். எலும்புக்குள் இருக்கும் டைட்டானியமே ஆடுகிறது என்றால், அதைக் கழற்றி எடுக்கத்தான் வேண்டும்.